கூப்பிட்டது யாரு, குத்தவாளி யாரு?

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க. திட்ட நினைக்கிறவங்க தயவுசெய்து முழுசா படிச்சுட்டு திட்டவும் :-)

போன ஞாயிற்றுக்கிழமை எங்க பள்ளிக்கூட வாட்ஸப் குரூப்பில் ஒரு ஃபார்வர்டு வந்தது. 'விழித்துக்கொள் நண்பா' வகையறா. ஐரோப்பாவில் முஸ்லிம் பெண்கள் ஆளுக்கு 8.1 பிள்ளை பெத்துக்கறாங்களாம். 2050-ல் ஜெர்மனி முஸ்லிம் நாடாகிவிடுமாம். அங்கே கட்டப்படும் ஒவ்வொரு மசூதியும் ஒரு பெரிய திட்டத்தின் பகுதியாம். கீழே வழக்கம்போல 'பத்து பேருக்கு அனுப்பு'. அதுக்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

அந்த குரூப்பில் ஒருத்தன் ஆறாம் வகுப்பிலிருந்து என்கூட ஒரே பெஞ்சு. அவன் வீட்டு நோன்புக் கஞ்சி குடிச்சு வளர்ந்த உடம்பு இது. ஃபார்வர்டைப் பார்த்துட்டு அவன் ஒண்ணும் சொல்லவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு அவன் குரூப்பை விட்டு வெளியேறினான் என்று ஒரு வரி மட்டும் வந்தது. யாரும் ஏன்னு கேக்கலை. நானும் கேக்கலை. அந்தக் குற்ற உணர்ச்சிதான் இந்தப் பதிவு.

இதைப் பேச உனக்கு என்னடா யோக்கியதை என்று கேட்டால், பெரிசா ஒண்ணும் இல்லை. கம்பெனி அனுப்பி ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் இரண்டரை வருடம் குப்பை கொட்டினேன். ஜெர்மனியின் துருக்கி முஸ்லிம் அமைப்புகள் பலவற்றுக்கும் தலைமையகம் அந்த ஊர்தான். ஃபார்வர்டு அனுப்பினவன் பார்க்காத சிலதை அங்கே நான் பார்த்தேன். அதனால மத்த நாடுகளை விட்டுடறேன். ஜெர்மனி, அதிலும் துருக்கிக்காரர்கள் கதை மட்டும்.

முதலில் அந்த 8.1. இது புது சரக்கு இல்லை. 2009-ல் 'முஸ்லிம் டெமோகிராஃபிக்ஸ்' என்று யூடியூபில் ஒரு வீடியோ வந்து உலகம் முழுக்கச் சுற்றியது. பிரான்ஸ் முஸ்லிம்களின் பிள்ளைப்பேறு விகிதம் 8.1 என்று அதில்தான் போட்டிருந்தார்கள். பிரான்ஸ் அரசு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் என்னவென்று கேட்பதே கிடையாது. கேட்காத கேள்விக்கு பதில் எங்கிருந்து வந்தது? அதுவும் தசம புள்ளியோட! இன்றைக்கு உலகத்தில் எந்த நாட்டிலும் அப்படி ஒரு விகிதம் இல்லை. அந்த வீடியோ சரக்குதான் இன்னும் நம்ம குரூப்பில் பழைய சோறு மாதிரி பரிமாறப்படுது.

உண்மையான எண்கள் என்ன? பியூ ஆய்வு மையம் 2017-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2016-ல் ஐரோப்பாவின் 30 நாடுகளில் முஸ்லிம்கள் 4.9 சதவீதம். குடியேற்றம் முழுசா நின்றுபோனால் 2050-ல் 7.4. நடுத்தரமாக இருந்தால் 11.2. 2014-க்கும் 2016-க்கும் நடுவில் அகதிகள் வந்த வேகத்திலேயே 2050 வரைக்கும் வந்துக்கிட்டே இருந்தால்கூட 14. ஜெர்மனியில் மட்டும் என்று கேட்டால், அரசின் குடியேற்றத் துறை 2020-ல் நடத்திய ஆய்வின்படி 53 முதல் 56 லட்சம் பேர், அதாவது 6.4 முதல் 6.7 சதவீதம். நூத்துல ஏழு பேர்கூட இல்லை.

வளர்ச்சியே இல்லைன்னு நான் சொல்லவில்லை. இருக்கு. மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. வர்றவங்க பெரும்பாலும் இளவயசு, அதனால் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள் அதிகம். பியூ கணக்கில் ஐரோப்பிய முஸ்லிம் பெண்களுக்கு சராசரி 2.6, மற்றவர்களுக்கு 1.6. வித்தியாசம் ஒரு பிள்ளை. அதுவும் அப்படியே நிற்கப்போவதில்லை. துருக்கியையே எடுத்துக்கோங்க. 1960-ல் அங்கே ஒரு பெண்ணுக்கு சராசரியாக ஆறு பிள்ளைக்கு மேல். 2023-ல் 1.51. கிட்டத்தட்ட நம்ம தமிழ்நாட்டு அளவு. பெண்கள் படிச்சா, நகரத்துக்கு வந்தா, வேலைக்குப் போனா என்ன நடக்கும்னு நம்ம பாட்டி, அம்மா, அக்கா மூணு பேரோட பிள்ளைகளை எண்ணிப் பார்த்தாலே தெரிஞ்சுடும். இதுக்கு மதம் எல்லாம் பெரிய தடை இல்லை.

எண்ணிக்கை மேட்டர் இத்தோட முடிஞ்சுது. இனிமேதான் கதையே.

அவங்க ஏன் அங்கே வந்தாங்க? படையெடுத்தா? இல்லை சாமி. கூப்பிட்டாங்க. ஒப்பந்தம் போட்டு, ஆள்பிடிக்க ஆபீஸ் திறந்து கூப்பிட்டாங்க. 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழும்பியதும் கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்த வேலையாட்கள் நின்றுபோனார்கள். அதே வருடம் அக்டோபர் 30-ந் தேதி மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டது. இஸ்தான்புல்லில் ஜெர்மன் அலுவலகம். அங்கே ஜெர்மன் டாக்டர்கள் வரிசையில் நிற்க வைத்துப் பரிசோதனை செய்து, தேறினவனை ரயிலில் ஏற்றிவிட்டார்கள்.

என் டீமில் துருக்கி வம்சாவளிக்காரர் ஒருவர் இருந்தார். நாற்பதைத் தாண்டியவர், பிறந்து வளர்ந்தது எல்லாம் கொலோன். அவரோட தாத்தா 1969-ல் அப்படி ஏறி வந்தவர். ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் அவர் சொன்னது: "தாத்தாவோட பல்லை எல்லாம் பிடிச்சுப் பாத்தாங்களாம். சாகற வரைக்கும் அதை மட்டும் மறக்கலை அவர். மாட்டுச் சந்தைல நாம பாப்போமே, அந்த மாதிரி."

முதலில் போட்ட ஒப்பந்தப்படி இரண்டு வருடம் வேலை, அப்புறம் திரும்பிப் போகணும், அடுத்த செட் வரும். இதை எதிர்த்தது யார் தெரியுமா? ஜெர்மன் முதலாளிகள். வேலை கத்துக்கிட்டவனை அனுப்பிட்டு புதுசா ஒருத்தனுக்கு முதல்லேர்ந்து சொல்லிக்கொடுக்கறது நஷ்டம் என்று முனகினார்கள். 1964-ல் அந்த இரண்டு வருடக் கெடு தூக்கப்பட்டது. ஆக, 'தங்கிட்டான் பார்' என்று இன்றைக்குக் கூவுகிறார்களே, தங்க வைத்ததே அவர்கள் ஊர் தொழிற்சாலைதான்.

பெரும்பாலானோர் தங்கவும் இல்லை. 1955-லிருந்து 1973 வரை இத்தாலி, ஸ்பெயின், கிரீஸ், துருக்கி, யூகோஸ்லாவியா என்று பல நாடுகளிலிருந்தும் மேற்கு ஜெர்மனிக்கு வந்தவர்கள் சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர். அதில் சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர் திரும்பிப் போய்விட்டார்கள். இதை எந்த ஃபார்வர்டிலும் போடமாட்டார்கள்.

1973 ஆகஸ்டில் கொலோன் ஃபோர்டு தொழிற்சாலையில் ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. ஊருக்குப் போய் லீவு முடிந்து தாமதமாகத் திரும்பிய சுமார் 300 துருக்கித் தொழிலாளர்களை வேலையை விட்டுத் தூக்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். திரும்ப வேலைக்கு எடு, சம்பளத்தில் ஒரு மார்க் ஏற்று, அசெம்பிளி லைன் வேகத்தைக் குறை என்று கேட்டார்கள். தொழிற்சங்கம் கூட நிற்கவில்லை. போலீஸ் வந்து முடித்து வைத்தது. மசூதிச் சங்கம் என்று பெரிசாக எதுவும் கண்ணில் படாத காலத்தில் துருக்கிக்காரர்கள் ஒன்று சேர்ந்தது தொழிலாளியாக. அந்தக் கதவை மூடியது யார்?

அதே வருடம் நவம்பர் 23-ந் தேதி ஆள் எடுப்பதை ஜெர்மனி நிறுத்தியது. நம்ம தொழில்ல ஒரு பக்கை சரிபண்ணப் போய் புதுசா நாலு பக்கை உருவாக்குவோம் இல்லையா, அதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அதுவரைக்கும் ஒருத்தன் ஊருக்குப் போய் இரண்டு வருடம் கழித்து மறுபடி வரலாம். இப்போ போனால் திரும்பி வர முடியாது. என்ன பண்ணுவான்? போகாமல் இருந்துவிட்டு பொண்டாட்டி பிள்ளைகளை அங்கே வரவழைத்தான். நீங்க இருந்தாலும் அதைத்தான் செய்வீங்க, நானும் அதைத்தான் செய்வேன். ஆள் குறையணும்னு போட்ட உத்தரவு, தனி ஆட்களைக் குடும்பமாக மாற்றியது.

1979-லேயே ஒரு மனுஷன் எச்சரித்தார். ஹைன்ஸ் க்யூன், வெளிநாட்டவர் நலனுக்காக ஜெர்மன் அரசு நியமித்த முதல் அதிகாரி. இவர்கள் இங்கேயே வாழப் போகிறவர்கள், இதை ஒத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்குப் பள்ளியில் சம இடம் கொடுங்கள், உள்ளாட்சியில் ஓட்டுரிமை கொடுங்கள் என்று அறிக்கை கொடுத்தார். தூக்கிப் பரணில் போட்டார்கள். 1982-ல் சான்சலரான ஹெல்முட் கோல், நான்கு வருடத்தில் துருக்கியர் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்கப் போவதாக மார்கரெட் தாட்சரிடம் ரகசியமாகச் சொன்னார். அந்த ஆவணம் 2013-ல் வெளியானது. 1983-ல் ஊருக்குப் போனால் 10,500 மார்க், கூடவே பிள்ளைக்கு 1,500 மார்க் என்று சட்டம் போட்டார்கள். கொஞ்சம் பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். பெரும்பாலானோர் போகவில்லை.

இப்போ யோசிங்க. நீ வந்தவன், நீ போகணும், நீ இந்த ஊர்க்காரன் இல்லை என்று ஒரு நாடு இருபது முப்பது வருஷம் ஒருத்தன் முகத்துக்கு நேரா சொல்லுது. அவன் எங்கே போவான்? 'நீ எங்க ஆளுடா' என்று யார் சொல்கிறார்களோ அங்கே போவான். இந்தப் பதிவில் நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான். மிச்சமெல்லாம் இதுக்கு சாட்சி.

அப்படிச் சொன்னவர்கள் யார்? ஆரம்பத்தில் தொழிலாளிகள் சேர்ந்து பழைய கிடங்கு, கார் ஷெட், கடைகளின் பின்கட்டு என்று வாடகைக்கு எடுத்துத் தொழுதார்கள். ஜெர்மன்காரர்கள் அதற்கு கொல்லைப்புற மசூதி என்றே பெயர் வைத்தார்கள். அந்த வெற்றிடத்தில் துருக்கியின் அரசியல் மொத்தமும் வந்து இறங்கியது. 1973-ல் கொலோனில் இஸ்லாமியப் பண்பாட்டு மையங்களின் கூட்டமைப்பு. இன்னொரு பக்கம் எர்பகானின் மில்லி கோருஷ் இயக்கம். கலீபா ஆட்சி வேணும் என்ற கப்லான் கோஷ்டியும் இதே கொலோனில்தான் கடை போட்டது. 1980-ல் துருக்கியில் ராணுவப் புரட்சி. புது ஆட்சிக்கு வெளிநாட்டில் இருக்கும் தன் ஆட்கள் கைவிட்டுப் போகிறார்களே என்று கவலை. 1984-ல் கொலோனில் டிடிப் என்ற மசூதிச் சங்கத்தை உருவாக்கினார்கள். இன்றைக்கு அதன்கீழ் சுமார் 900 மசூதிகள். இமாம்கள் துருக்கி அரசின் மத விவகாரத் துறையின் ஊழியர்கள். சம்பளம் அங்காராவிலிருந்து. சில வருடம் இருந்துவிட்டு மாற்றலாகிப் போவார்கள், நம்ம ஊர் தாசில்தார் மாதிரி.

ஜெர்மனி இதை எதிர்த்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது! தீவிரவாதக் கும்பலுக்கு பதில் மதச்சார்பற்ற துருக்கி அரசின் இமாம் பரவாயில்லை என்பது ஒரு கணக்கு. செலவு மிச்சம் என்பது இன்னொரு கணக்கு. தன் குடிமக்களாக ஆகப்போகிறவர்களின் மத வாழ்க்கையை இன்னொரு நாட்டுக்கு அவுட்சோர்ஸ் பண்ணினார்கள். அவுட்சோர்ஸிங் பத்தி நமக்குத் தெரியாததா? வெண்டரோட முதலாளி மாறும்போதுதான் வலி தெரியும்.

இன்னொரு சிக்கல் சட்டத்திலேயே இருக்கிறது. கொலோன் போன முதல் வாரம் வீட்டு முகவரியைப் பதிவு செய்ய அரசு அலுவலகம் போனேன். படிவத்தில் மதம் என்ன என்று ஒரு கட்டம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விஷயம் என்னன்னா, சர்ச்சுக்கான வரியை அங்கே அரசாங்கமே சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கிறது. வருமான வரியில் 8 அல்லது 9 சதவீதம். அரசுப் பள்ளியில் மதப் பாடம் உண்டு, அதில் என்ன இருக்கணும் என்பதில் அந்தந்த மத அமைப்புக்குப் பங்கு உண்டு. இந்த உரிமையெல்லாம் கிடைக்கணும்னா சர்ச் மாதிரி ஒரு அமைப்பு, உறுப்பினர் பட்டியல், பேசுவதற்கு ஒரு தலைவர் வேணும். இஸ்லாமில் போப்பாண்டவரும் கிடையாது, அந்த மாதிரி சர்ச்சும் கிடையாது. 2013-ல் ஹெஸன் மாநிலத்தில் சர்ச்சுக்கு இணையான சட்ட அந்தஸ்தை வாங்கிய முதல் முஸ்லிம் அமைப்பு, எண்ணிக்கையில் மிகச் சிறியதான அஹ்மதியா ஜமாஅத். காரணம், கட்டுக்கோப்பான அமைப்பு.

ஆக, 'உங்க தலைவர் யாரு, அவரைக் கூட்டிட்டு வா' என்று அரசாங்கமே கேட்கிறது. தலைவர் இல்லாத இடத்தில் தலைவரை உருவாக்கச் சொல்கிறது. ஏற்கெனவே கட்டடம், பணம், ஆள் வைத்திருப்பவன்தானே முதலில் வந்து உட்காருவான்? அப்புறம் அதே அரசாங்கம், அதே பத்திரிகைகள், 'ஐயோ, வெளிநாட்டுப் பிடியில் இருக்கிறார்களே' என்று தலையில் அடித்துக்கொள்ளும். 2009-ல் வந்த அரசு ஆய்வின்படி மத அமைப்புகளில் சேர்ந்திருந்த முஸ்லிம்கள் சுமார் 20 சதவீதம்தான். மீதி 80 சதவீதம் பேர் வேலைக்குப் போய், வரி கட்டி, வீட்டு லோன் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பற்றி யாருக்குக் கவலை?

அடுத்து ஓட்டு. 1990 அக்டோபரில் ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம், வெளிநாட்டவருக்கு உள்ளாட்சி ஓட்டு கூடாது என்று தீர்ப்பு சொன்னது. பிறகு சாசனத்தைத் திருத்தி ஐரோப்பிய ஒன்றிய நாட்டவருக்கு மட்டும் கொடுத்தார்கள். விளைவு, போன வருடம் வந்த இத்தாலிக்காரர் கொலோன் நகர மன்றத்துக்கு ஓட்டு போடலாம், 50 வருடம் கார் செய்து கொடுத்த துருக்கித் தாத்தா குடியுரிமை இல்லாவிட்டால் போட முடியாது. அங்காரா என்ன செய்தது? 2014-லிருந்து ஜெர்மன் மண்ணிலேயே ஓட்டுப்பெட்டி வைத்துத் துருக்கித் தேர்தலில் ஓட்டு போடச் சொன்னது. 2023-ல் ஜெர்மனியில் ஓட்டு போட்டவர்களில் சுமார் 67 சதவீதம் பேர் எர்டோகனுக்குப் போட்டதும், 'பார், நன்றி இல்லாதவர்கள்' என்று ஒரே கூச்சல். தகுதி உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் ஓட்டே போட்டார்கள் என்பது கூச்சலில் காணாமல் போனது. ஒரு நாடு பெட்டியைத் தரவில்லை, இன்னொரு நாடு தந்தது. யாருக்கு விழும்?

இதுவரைக்கும் ஜெர்மனியைத் திட்டியதைப் பார்த்து, அந்தப் பக்கத்து நண்பர்கள் சிலர் கைதட்ட ரெடியாக இருப்பீர்கள். இருங்க, உங்களுக்கும் இருக்கு.

அங்காரா இந்த மக்களை அன்பினாலா அணைத்தது? 1980-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் இருந்த துருக்கி இமாம்களுக்குச் சம்பளம் கொடுத்தது சவூதிப் பணத்தில் இயங்கிய ஒரு அமைப்பு. 1987-ல் உகூர் மும்ஜு என்ற துருக்கிப் பத்திரிகையாளர் அதை அம்பலப்படுத்தினார். மதச்சார்பற்ற அரசு என்று மார்தட்டியவர்களின் லட்சணம் அது. மும்ஜுவை 1993-ல் கார் குண்டு வைத்துக் கொன்றார்கள். 2016-ல் துருக்கியில் புரட்சி முயற்சி தோற்றதும், ஜெர்மனியில் இருந்த சில இமாம்கள் குலென் ஆதரவாளர்களைப் பற்றி அங்காராவுக்குத் தகவல் அனுப்பினார்கள் என்று புகார். 2017 பிப்ரவரியில் நான்கு இமாம்களின் வீடுகளில் சோதனை நடந்தது. அந்த வருடக் கடைசியில் விசாரணை கைவிடப்பட்டது. கைவிடப்பட்டாலும், தொழ வர்றவன் பேரைக் குறிச்சு அனுப்புவார்களோ என்ற சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் அந்த இடத்துக்கு என்ன மரியாதை? என் சகா சொன்னார்: "ஒரே வரிசைல நின்னு தொழுத ரெண்டு குடும்பம் இன்னிக்கு வரைக்கும் பேசிக்கறது இல்லை. சண்டை கொலோன்ல இல்லை, அங்காராவுல. நாங்க ஏன் அடிச்சுக்கணும்?"

கொலோன் எஹ்ரன்ஃபெல்ட் பகுதியில் பெரிய மசூதி இருக்கிறது. பால் போம் என்ற, தேவாலயங்கள் கட்டிப் புகழ்பெற்ற குடும்பத்துக் கட்டடக்கலைஞர் வடிவமைத்தது. கான்கிரீட்டும் கண்ணாடியுமாக, பூ மொட்டு விரிகிற மாதிரி. அதைக் கட்டவிடக் கூடாது என்று வலதுசாரிகள் ஊர்வலம் போனபோது எதிர்த்து நின்றவர்களில் ஆயிரக்கணக்கான கொலோன்வாசிகள் உண்டு. 2018 செப்டம்பர் 29-ந் தேதி திறப்பு விழா. திறந்து வைத்தது யார்? எர்டோகன். கொலோன் மேயரும் இல்லை, மாநில முதல்வரும் இல்லை. ஊரே சேர்ந்து கொண்டாடியிருக்க வேண்டிய நாளை ஒரு வெளிநாட்டு அதிபரின் தேர்தல் போஸ்டராக மாற்றினார்கள். தெருவில் கூட நின்றவர்களுக்குக் காட்டிய நன்றி இதுதானா?

இதில் அதிகம் தோற்பது யார் என்றால் அங்கேயே பிறந்த பிள்ளைகள். என் சகா சொன்ன இன்னொரு வரி: "இமாமுக்கு ஜெர்மன் வராது. என் பையனுக்கு துருக்கி பாதிதான் வரும். நடுவுல நான் மொழிபெயர்ப்பாளர். பையன் கேக்கற கேள்விக்கு பதில் யூடியூப்ல தேடறான். அங்க யாரு உக்காந்திருக்கான்னு உனக்கே தெரியும்." சரியான ஜெர்மன் மொழியில், ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, வெறுப்பை ஊட்டுகிறவன் அங்கே உட்கார்ந்திருக்கிறான். ஆபத்து இருக்கு. ஹாம்பர்கில் முகமது அத்தா போன மசூதி 2010-ல் மூடப்பட்டது. கலீபா ஆட்சிக் கோஷ்டி 2001-ல் தடை செய்யப்பட்டது. 2024 ஆகஸ்டில் ஸோலிங்கன் ஊர்த் திருவிழாவில் சிரியாவிலிருந்து அகதியாக வந்த ஒருவன் மூன்று பேரைக் குத்திக் கொன்றான். இதையெல்லாம் முஸ்லிம்களுக்கு எதிரான பேச்சு என்று மூடி மறைப்பவர்கள் முஸ்லிம்களுக்கு நண்பர்கள் இல்லை.

அதே ஸோலிங்கன். கொலோனிலிருந்து ரயிலில் அரைமணி நேரம்கூட இல்லை. 1993 மே 29-ந் தேதி அதிகாலை அங்கே ஒரு துருக்கிக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். ஐந்து பெண்களும் சிறுமிகளும் இறந்தார்கள். இரண்டு மகள், இரண்டு பேத்தி, உறவுக்காரச் சிறுமி ஒருத்தியை அன்றைக்குப் பறிகொடுத்த மெவ்லூதே கென்ச் என்ற தாய், 2022-ல் இறக்கும்வரை வெறுப்பு வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே ஊரில் இரண்டு துக்கம். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்திருப்பவன் நியாயம் பேச வரக்கூடாது.

கொலோனில் கொய்ப் தெரு என்று ஒன்று உண்டு. முழுக்கத் துருக்கிக் கடைகள். 2004 ஜூன் 9-ந் தேதி ஒரு முடிதிருத்தும் கடை வாசலில் ஆணிகள் நிரப்பிய குண்டு வெடித்து 22 பேர் காயம். மறுநாளே உள்துறை அமைச்சர், இது பயங்கரவாதம் போல் தெரியவில்லை, குற்றக் கும்பல் வேலை போல் இருக்கிறது என்றார். போலீஸ் ஏழு வருடம் அந்தத் தெருக்காரர்களையே சந்தேகப்பட்டு விசாரித்தது. 2011 நவம்பரில்தான் வைத்தது என்.எஸ்.யு. என்ற நாஜி கும்பல் என்று தெரிந்தது. 2000 முதல் 2007 வரை பத்து பேரைச் சுட்டுக் கொன்றவர்கள். அடிபட்டவனையே குற்றவாளியாகப் பார்த்த அந்த ஏழு வருடத்தில் எத்தனை பேர் 'இந்த நாடு என்னுது இல்லை' என்று முடிவு பண்ணியிருப்பார்கள்?

கடைசியாக நம்ம ஆட்களுக்கு. 'அவங்க தனியா கூட்டம் சேர்றாங்க' என்று எழுதறீங்களே, நாம என்ன பண்றோம்? கொலோனிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் ஹாம் என்று ஒரு ஊர். அங்கே தொழிற்பேட்டை ஓரத்தில் காமாட்சி அம்மன் கோயில், 2002-ல் கும்பாபிஷேகம் நடந்தது. கட்டியவர்கள் போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழர்கள். தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம். கோபுரத்தைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, சத்தியமாக. பிள்ளைகளுக்கு வாரக் கடைசியில் தமிழ் வகுப்பு, நடன வகுப்பு எல்லாம் உண்டு. நாம கட்டினா கலாச்சாரம், அவன் கட்டினா படையெடுப்பா? முன்பின் தெரியாத ஊரில் மனுஷன் முதலில் தேடுவது தன் மொழியில் பேச ஒருத்தன், தன் சாமி முன்னால் நிற்க ஓர் இடம். அவ்வளவுதான்.

இன்னொண்ணும் சொல்லணும். என்கூட வேலை பார்த்த நம்மூர் பசங்க சிலர் ப்ளூ கார்டில் போய், ஜெர்மன் பி1 பரீட்சை எழுதி, 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு வாங்கினார்கள். துருக்கிக்காரர்களுக்கோ, அங்கேயே பிறந்த பிள்ளைக்குக்கூட பிறப்பால் குடியுரிமை கிடைக்க 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரட்டைக் குடியுரிமைக்கு 2024 ஜூன் வரை. அந்தத் தாத்தாக்கள் அடி வாங்கி, ஓட்டு இல்லாமல், வரிசையில் நின்று நின்று தேய்த்த பாதையில்தான் நாம ஷூ போட்டுக்கொண்டு நடந்தோம். அவர்களை எண்ணிக் காட்டிப் பயமுறுத்தும் அதே ஆள், ரயிலில் என் மூஞ்சியைப் பார்த்ததும் என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துத்தான் எண்ணுவான். நெத்தியில என்ன இருக்குன்னு பார்த்துட்டு விட்டுடப் போறதில்லை.

தீர்வு என்னடா என்றால், அறுபது வருடம் லேட்டாக இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. 2021-ல் ஓஸ்னாப்ருக் நகரில் ஜெர்மன் மொழியிலேயே இமாம் பயிற்சி கொடுக்கும் கல்லூரி தொடங்கியது. துருக்கியிலிருந்து இமாம் அனுப்புவதைப் படிப்படியாக நிறுத்தி, வருடத்துக்கு 100 பேரை ஜெர்மனியிலேயே பயிற்றுவிப்பது என்று 2023 டிசம்பரில் ஜெர்மன் உள்துறை அறிவித்தது. நல்லது. 1979-ல் க்யூன் பேச்சைக் கேட்டு ஆரம்பித்திருந்தால் என் சகாவின் பையன் யூடியூபில் தேட வேண்டியிருக்காது. தலையை எண்ணுவதை விட்டுவிட்டு, அந்தத் தலைக்கு ஓட்டு இருக்கா, பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கா, அவன் பேரைச் சொல்லிப் பேசுகிற தலைவனுக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்று கேளுங்க. பதில் தானாக வரும்.

இதோட சுருக்கத்தை நேத்து எங்க குரூப்பில் போட்டேன். ஒருத்தன் 'ஜெர்மனி போய்ட்டு வந்து அறிவாளி ஆயிட்டான்' என்றான். இரண்டு பேர் தனியாக மெசேஜ் அனுப்பி 'நல்லா சொன்னடா' என்றார்கள். குரூப்பில் சொல்லத் தைரியம் இல்லை, நான் ஞாயிற்றுக்கிழமை இருந்த மாதிரியே.

வெளியேறிப் போனவனுக்கு போன் பண்ணினேன். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் வழிந்தேன். அவன்தான் முடித்து வைத்தான். "அதெல்லாம் விடு மாப்ள. பாப்பாவுக்கு ஸ்கூல் அட்மிஷன் கிடைச்சுடுச்சு. அம்மா உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க, எப்ப வீட்டுக்கு வர்ற?"

இந்த ஞாயிறு போறேன்.